ரிசப்ஷன் மேசை நடுவில்: கண்ணாடி ஜாடியா, உருளியா?

தஞ்சை வாணி:
தை மாதம் மதுரையில் தங்கைக்கு ரிசப்ஷன். 30 வட்ட மேசை, மேசைக்கு 10 பேர், உட்கார்ந்த இடத்திலேயே பரிமாறுவார்கள். டெக்கரேஷன்காரர் உயரமான கண்ணாடி ஜாடியில் பச்சை ஸ்பாஞ்சு வைத்து கார்னேஷன், ஜெர்பரா குத்தலாம் என்கிறார். எனக்கு உருளியில் மல்லிகை மிதக்கவிட ஆசை. வீட்டு ஆட்களே செய்துவிட முடியுமா?

மண்டபம் பாலு:
வேண்டாம் தங்கச்சி. காலையில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு மாலையில் 30 உருளிக்கு யார் தண்ணீர் சுமப்பது? ஜாடி என்றால் அடி சின்னது. தண்ணீர் பாட்டில், தட்டு, கிண்ணம் எல்லாவற்றுக்கும் மேசையில் இடம் மிஞ்சும். உருளி பாதி மேசையை விழுங்கிவிடும்.

பூங்குழலி:
பாலு அண்ணா, மேசை உங்களுக்குப் பந்தி மட்டும்தான். வந்தவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டாமா? அலங்காரம் ஒரு அடிக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் ஒல்லித் தண்டில் இரண்டு அடிக்கு மேலே போக வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் நின்றால் எதிரே இருப்பவர் தலை மறையும். அந்த ஸ்பாஞ்சையும் நான் எதிர்க்கிறேன். பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் செய்தது. மக்காது, தூளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கமே 2021 முதல் தன் மலர்க் காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நமக்கு வாழைத்தண்டு இருக்கிறதே! மூன்று அங்குல உயரத்துக்கு நறுக்கி, ஈர்க்குச்சியில் சாமந்தியைக் கோத்து நெருக்கமாகக் குத்துங்கள். தண்டின் ஈரமே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். பக்கவாட்டில் வெற்றிலையைச் சுற்றிவிட்டால் வெட்டிய இடம் கறுப்பது தெரியாது.

மண்டபம் பாலு:
வாழைக் கறை வெள்ளை விரிப்பில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாதும்மா. விரிப்புக்கான காசை அட்வான்ஸில்தான் பிடிப்பார்கள்.

பூங்குழலி:
முந்தின நாளே நறுக்கிக் கவிழ்த்து வைத்தால் நீர் வடிந்துவிடும். அடியில் ஒரு பாக்குமட்டைத் தட்டு வைத்தால் விரிப்பில் படாது.

தோவாளைக்காரன்:
ரெண்டு பேரும் பூவை விட்டுவிட்டீர்கள். மல்லி மொட்டு அவிழ்வதே சாயங்காலத்துக்கு மேல்தான். சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வாசம் தூக்கும். சம்பங்கியும் அப்படியே. ஏசி ஹாலில் அந்த வாசம் சாப்பாட்டு வாசனையோடு மோதும், சிலருக்குத் தலைவலியே வரும். மல்லியைத் தலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தைப் பனியில் வரத்தும் குறைவு, முகூர்த்த நாள் சேர்ந்தால் விலை எகிறும். மேசைக்குச் சாமந்தியும் பன்னீர் ரோஜா இதழும் போதும். இன்னொன்று: அரளியைச் சாப்பாட்டு மேசைப் பக்கமே கொண்டு வராதீர்கள். மலிவு என்று மாலைக்காரர்கள் சேர்ப்பார்கள். இலை, பூ, பால் எல்லாமே விஷம்; குழந்தைகள் பிய்த்து வாயில் வைக்கும்.

தஞ்சை வாணி:
அரளி விஷயம் தெரியாது அண்ணே, நன்றி. அப்போது மேசைக்கெல்லாம் வாழைத்தண்டு, வாசலில் மட்டும் ஒரு பெரிய உருளி என்று வைத்துக்கொள்கிறேன்.

மண்டபம் பாலு:
வாசல் உருளிக்கு நான் எதிரி இல்லை. வழியை விட்டு ஓரமாக வையுங்கள், தண்ணீர் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும். மேசைக்கு இப்போதும் ஜாடிதான் என் கட்சி. 30 தண்டில் பூக்குத்த எத்தனை கை வேண்டும் என்று யோசித்தீர்களா?

பூங்குழலி:
கல்யாண வீட்டில் கைக்கா பஞ்சம் அண்ணா? சித்தி, அத்தை, மதினிமார் முந்தின ராத்திரி உட்கார்ந்தால் ஆளுக்கு நாலைந்து தண்டு. வாணி, சாமந்தியை மட்டும் வாடாததாகப் பார்த்து வாங்கு.