200 கி.மீ. பிரெவே ஓட்ட முதல் ரோடு பைக்: இந்த இரண்டில் எது?

கேள்வி

சாதாரண சைக்கிளில் இப்போது நிற்காமல் 40 கி.மீ. ஓட்ட முடிகிறது. அடுத்து 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்), அது முடிந்தால் 300. உயரம் 172 செ.மீ., உள்கால் அளவு 80 செ.மீ., எடை 74 கிலோ. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வண்டிகள் கிடைக்கின்றன.

அ: ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. கார்பன் ஃபிரேம், 7.9 கிலோ, 11 ஸ்பீட் ஷிமானோ 105 கியர் செட், கிராங்க் (மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரங்கள்) 52/36 பல், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) 11-28 பல், ரிம் பிரேக், டயர் அதிகபட்சம் 28 மி.மீ. ஃபிரேம் அளவில் ஸ்டாக் 545 மி.மீ., ரீச் 388 மி.மீ.

ஆ: புதியது. அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 10.1 கிலோ, 9 ஸ்பீட் ஷிமானோ சோரா கியர் செட், கிராங்க் 50/34, கேசட் 11-34, மெக்கானிக்கல் டிஸ்க், டயர் 35 மி.மீ. வரை. ஸ்டாக் 572, ரீச் 378.

கேட்டவர்கள் எல்லாரும் அ-வைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில் 1

ஆ-வை வாங்குங்கள். எடையும் கியர் செட்டின் பெயரும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவை ஃபிரேமின் அளவு, டயருக்கு இருக்கும் இடம், பிரேக் வகை ஆகியவைதான். மற்றதெல்லாம் கழற்றி மாட்டக்கூடியது.

கிராங்க் அச்சின் மையத்திலிருந்து ஃபிரேமின் தலைக்குழாய் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் அ-வுக்கு 1.40, ஆ-வுக்கு 1.51. பொதுவாக 1.45-க்குக் கீழே இருந்தால் பந்தயத்துக்கு வளைத்த வண்டி, 1.5-ஐத் தொட்டால் நெடுந்தூர வண்டி. 27 மி.மீ. உயரம் என்பது காகிதத்தில் அற்பமாகத் தெரியும். குனிந்து பழகாதவர் அ-வில் இரண்டு மணி நேரம் சமாளிப்பார். அதன்பின் முழங்கையை விறைத்துக்கொண்டு உடல் பாரத்தை உள்ளங்கையில் இறக்கிவிடுவார். ஸ்பேசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் வளையம்) போட்டு உயர்த்தலாமே என்றால், ஓட்டிய வண்டிகளில் ஃபோர்க்கின் தண்டைப் பெரும்பாலும் அறுத்திருப்பார்கள். அறுத்ததை நீட்ட முடியாது.

கியருக்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 28 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.14 மீட்டர் உருளும். அ-வின் மிக இலகுவான கியர் 36/28. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 13.2 கி.மீ. ஆ-வில் 34/34, அதே மிதிக்கு 10.3 கி.மீ. 6% ஏற்றத்தில் ஆள், வண்டி, தண்ணீர், கருவி எல்லாம் சேர்த்து இந்த வேகங்களைப் பிடிக்க அ-வில் ஏறத்தாழ 215 வாட் வேண்டும், ஆ-வில் 170 போதும். அ இரண்டு கிலோ இலகுவாக இருந்தும் இந்த நிலை. 215 வாட்டைப் புதியவர் அரை மணி நேரம் தாங்குவது கடினம். தாங்காதபோது மிதி 80-லிருந்து 55-க்கு விழும், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வாங்கும் அழுத்தம் ஏறும். 150 கி.மீ. தாண்டி வரும் முழங்கால் வலிக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அந்த 2.2 கிலோவால் என்ன லாபம் என்றால், மொத்த எடையில் அது சுமார் 2.5%. 20 நிமிட ஏற்றத்தில் அரை நிமிடம் மிஞ்சும். சமதளத்தில் கணக்கிலேயே வராது.

அ-வுக்கே பெரிய கேசட் போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் பின் டெரெய்லரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) கூண்டைப் பாருங்கள். 11 ஸ்பீட் 105-இன் ஆர்7000 மாடலில் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் எடுக்கும், நீளக் கூண்டு 34 வரை. குட்டையாக இருந்தால் டெரெய்லர், கேசட், செயின் மூன்றையும் மாற்ற வேண்டிவரும்.

பதில் 2

மேலே சொன்னதோட உடன்படறேன், பிரேக்ல மட்டும் கொஞ்சம் சேர்க்கணும். ரிம் பிரேக்னா மட்டம்னு நினைக்க வேண்டாம். காய்ந்த ரோட்டுல நல்லாவே பிடிக்கும், கேபிள் மாத்தறதும் சுலபம். மழையிலதான் சிக்கல். முதல் ஒண்ணு ரெண்டு சுத்து ரிம்ல இருக்கற தண்ணிய வழிக்கறதுக்கே போயிடும், அப்புறம்தான் பிடி கிடைக்கும். சேறும் மணலும் சேர்ந்தா ரிம்மையே தேய்ச்சிடும்.

ஆனா ஆ-வுல இருக்கற மெக்கானிக்கல் டிஸ்க்கும் தானா பார்த்துக்காது. இந்த வகை கேலிப்பர் (பிரேக் பிடிக்கற கவ்வி) பெரும்பாலானதுல ஒரு பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை (சக்கரத்தோட சுத்தற பிரேக் தட்டு) லேசா வளைச்சு, எதிர்ப்பக்கம் அசையாம இருக்கற பேட் மேல அழுத்தும். பேட் தேயத் தேய இடைவெளி கூடிக்கிட்டே போகும், ஹைட்ராலிக் மாதிரி தன்னால ஈடுகட்டாது. லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துட்டா எல்லாரும் கேபிளைத்தான் இறுக்குவாங்க, அது தப்பு. முதல்ல சக்கரத்துப் பக்கம் இருக்கற அசையாத பேட்டைத் திருகி, ரோட்டருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தாள் நுழையற இடம் மட்டும் விடுங்க. கேபிளை அதுக்கப்புறம் தொடுங்க. புது பேட் போட்டா மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரைக்கும், சக்கரத்தை முழுசா நிறுத்தாம, ஒரு 20 தடவை அழுத்தி விடுங்க. இதைச் செய்யலேன்னா கத்தவும் கத்தும், பிடியும் பாதிதான் இருக்கும்.

டயர் 32 மி.மீ. போடுங்க. உங்க எடைக்கு டியூபோட ஆரம்பிக்கற அழுத்தம்: 28-க்குப் பின்னால 75 பிஎஸ்ஐ, முன்னால 70. 32-க்குப் பின்னால 60, முன்னால 55. கல்லு மாதிரி ஏத்தினா வேகம் வரும்ங்கறது பளிங்குத் தரைக்குத்தான் சரி. கரடான ரோட்டுல வண்டி குதிக்கும், நீங்க மிதிச்ச சக்தி அந்தக் குதிப்புலயே போயிடும். ரொம்பக் குறைச்சாலும் குழியில ரிம் டியூபைக் கடிச்சு, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ரிம்ல ஹுக்லெஸ்னு (டயரைக் கவ்வற உள்விளிம்பு மடிப்பு இல்லாத ரிம்) போட்டிருந்தா 72.5 பிஎஸ்ஐ-க்கு மேல போகவே கூடாது.

சக்கரத்துல 28 இல்ல 32 ஸ்போக்ஸ் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. 18, 20 ஸ்போக்ஸ் சக்கரத்துல ஒண்ணு உடைஞ்சாலே ரிம் வளைஞ்சு உரச ஆரம்பிக்கும், வீடு வரைக்கும் ஓட்டறதே சந்தேகம்.

கேட்டவர்

நன்றி. ஆ-வை ஓட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. வண்டி பெரிய சைஸோ? 54 என்று போட்டிருக்கிறது, 52 பார்க்க வேண்டுமா?

பதில் 3

54, 52 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொரு நிறுவனத்தின் 52-ஆக இருக்கலாம். உங்கள் உயரத்துக்கு ரீச் 378 அசாதாரணமானது அல்ல. அந்த இரண்டு விரல்கள் மரத்தால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். பாரம் கையில் இறங்குகிறது. ஃபிரேமை மாற்றும் முன் சேடலை (உட்காரும் சீட்டை) சரி பாருங்கள். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும்.

உயரம்: உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 70.6 செ.மீ. கிராங்க் அச்சு மையத்திலிருந்து சீட் குழாயை ஒட்டிச் சேடல் மேற்பரப்பு வரை இந்த நீளம் இருக்க வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிநிலைக்குக் கொண்டுவந்தால் கால் அப்போதுதான் நேராக வேண்டும். உயரம் குறைவானால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கூடினால் பின்பக்கம் இழுக்கும், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடுப்பு இடவலமாக ஆடுவது தெரியும்.

முன்பின்: கிராங்கைக் கிடையாக வைத்து, முன்காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு தூக்குநூல் விடுங்கள். அது பெடல் அச்சின் மேல் விழுவது நல்ல தொடக்கப் புள்ளி. ஹேண்டில்பார் தூரமாக இருக்கிறது என்று சேடலை முன்னால் தள்ளுவது பலர் செய்வது. அப்படித் தள்ளினால் பாரம் இன்னும் கைக்குத்தான் வரும்.

சாய்வு: ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் இங்கேதான். சேடலின் முன்முனை இரண்டு மூன்று டிகிரி தாழ்ந்திருந்தாலே உடல் முன்னோக்கி வழுக்கும், அதைக் கைகள் தடுத்துக்கொண்டே இருக்கும்.

இவை மூன்றும் சரியான பிறகும் மரத்தால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) 10 மி.மீ. குட்டையானதாக மாற்றுங்கள், அல்லது ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் இருந்தால் அதைக் கீழே கொண்டுவந்து ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் 5 மி.மீ.-க்கு மேல் வேண்டாம் (ஸ்டெம் தவிர). மாற்றும் முன் பழைய இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கைப்பிடி இடத்தை மாற்றுங்கள்.

பதில் 4

அ-வின் மேல் இன்னும் ஆசை இருந்தால் இவற்றையாவது பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். செயினில் 12 முழு இணைப்புகளை, பின் மையத்திலிருந்து பின் மையம் வரை அளந்தால் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 306.3-ஐத் தாண்டியிருந்தால் செயின் போய்விட்டது. வெகுநாள் அப்படியே ஓட்டியிருந்தால் கேசட்டும் போயிருக்கும். ரிம்மின் பிரேக் படும் இடத்தில் ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். நடுவில் குழிந்திருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தலைக்குழாயில் டக்கென்ற ஆட்டம் இருக்கக் கூடாது. கார்பனில் சீட் போஸ்ட் கிளாம்பைச் சுற்றியும் கிராங்குக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

பிரெவேக்கு: 200 கி.மீ.-க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி. சாப்பாடு, பங்ச்சர், வழியிலுள்ள சோதனை இடங்களில் முத்திரை வாங்க நிற்பது எல்லாம் இதற்குள்தான். சராசரி மணிக்கு 20 கி.மீ. ஓட்டினால் 200-க்கு 10 மணி நேரம் போக மூன்றரை மணி மிச்சம். 300 என்றால் இருட்டில் ஓட்டியாக வேண்டும். அதனால் முன்பின் விளக்குகளையும் பிரதிபலிக்கும் மேலாடையையும் வண்டியோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். பையில் டியூப் இரண்டு, டயர் லிவர் இரண்டு, பம்ப், 4-5-6 மி.மீ. ஆலன் கீ, 9 ஸ்பீட் செயினுக்கான குயிக் லிங்க் (அறுந்த செயினைச் சேர்க்கும் இணைப்பு) ஒன்று, ஒரு ஜோடி டிஸ்க் பேட். டியூபின் வால்வு நீளம் உங்கள் ரிம் ஆழத்துக்குப் போதுமா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். குட்டை வால்வு ரிம்முக்கு வெளியே தலைகாட்டாவிட்டால் பம்ப் பிடிக்காது.