ஓட்டத் தெரிந்தவனுக்கு டயர் எதற்கு? (எம்4 விவகாரம்)

கடற்கரைக்காரன்:
நேற்று இந்த மன்றத்தில் வேறொரு இழையில் பழைய கோல்ஃப் அண்ணா போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார். "ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த டயரும் பிடிக்கும், தெரியாதவன்தான் டயர் மேல் பழி போடுவான்." பெயர் சொல்லவில்லை. ஆனால் டர்பனில் போன மாதம் எம்4 சாலையில் வண்டி சுற்றி நின்றவன் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் முதல் மழை. உம்லங்காவிலிருந்து டர்பன் பக்கம் வந்துகொண்டிருந்தேன். வண்டி வோக்ஸ்வாகன் கோல்ஃப் 7.5 ஜிடிஐ, 169 கிலோவாட். வேகம் 90-ஐத் தாண்டவில்லை. வளைவில் பின்பக்கம் வீசியது, ஒரு முழுச் சுற்று, புல்லில் போய் நின்றேன். ஒரு ரிம் போனதோடு சரி. இரண்டு வாரம் முன்புதான் ஒரு கடையில் இரண்டு புது டயர் போட்டிருந்தேன். "முன்சக்கரம் இழுக்கிற வண்டி, புதுசு முன்னால்தான்" என்று கடைக்காரர் மாட்டிவிட்டார். பின்னால் பழைய ஜோடி, பள்ளம் 3 மி.மீ. இருந்தது. சட்டம் 1 மி.மீ. தான் கேட்கிறது. முன்னால் பிடிக்கிறது, பின்னால் பிடிக்கவில்லை. இதில் என் கை எங்கே வந்தது?

பழைய கோல்ஃப்:
நான் யாரையும் சொல்லவில்லை. தொப்பி சரியாக இருந்தால் தம்பியே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு கேள்வி. 3 மி.மீ. என்று யார் அளந்தது?

கடற்கரைக்காரன்:
நான்தான்.

பழைய கோல்ஃப்:
எதை வைத்து?

கடற்கரைக்காரன்:
ஐந்து ராண்ட் நாணயத்தைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தேன். வெள்ளி விளிம்பு மறைந்தது. போதுமா?

பழைய கோல்ஃப்:
ஹா. நாணயம். இனி நான் இந்த இழையை விட்டு நகரப்போவதில்லை, டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

சிவப்பு325:
முன்சக்கரம் இழுக்கிற ஹாட்ச்பேக்கை வைத்துக்கொண்டு "பின்பக்கம் வீசியது" என்கிறீர்கள். பின்பக்கம் வீசுவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் என் வண்டியில் ஏறுங்கள். ரோஸ்லின் ஆலையில் செய்த பி.எம்.டபிள்யூ ஈ30. சும்மாவா குஷேஷே என்று செல்லப்பெயர் வைத்து ஊரே கொண்டாடுகிறது? பெர்ஃபார்மன்ஸ் கார் என்றால் பின்சக்கரம்தான் தள்ள வேண்டும். மற்றதெல்லாம் வேகமாகப் போகும் காய்கறி வண்டி.

நாலுசக்கரம்:
வணக்கம். ஜோபர்க்கிலிருந்து (ஜோஹன்னஸ்பர்க்) எழுதுகிறேன். பேச்சு நீளும் முன் இரண்டு சொற்களுக்குப் பொருள் சொல்லிக்கொள்வோமா? எதை பெர்ஃபார்மன்ஸ் கார் என்கிறோம்? பிடிப்பு போனது என்றால் முன் டயரிலா, பின் டயரிலா, நீளவாக்கிலா, பக்கவாட்டிலா? முன்பக்கம் நேராகத் தள்ளிக்கொண்டு போவது வேறு, பின்பக்கம் வெளியே வீசுவது வேறு. காரணமும் வேறு, திருத்தும் முறையும் வேறு.

பழைய கோல்ஃப்:
டீ வந்துவிட்டது. எங்கே விட்டோம்? நாணயம். தம்பி, டயர் ஒரே சீராகத் தேயாது. உள்விளிம்பில் தேய்ந்திருக்கும், வெளியே பட்டன் (பள்ளங்களுக்கு நடுவே நிற்கிற ரப்பர்) நன்றாக இருக்கும். அலைன்மென்ட் கெட்ட வண்டியில் வெளியில் 3 இருக்கும், உள்ளே மொட்டை. நீ நாணயத்தை எங்கே விட்டாய்? நின்றபடி குனிந்து வெளிப்பக்கம்தானே?

கடற்கரைக்காரன்:
நடுவில்.

பழைய கோல்ஃப்:
நடுவில்! உள்விளிம்பைப் பார்க்கவே இல்லை. ஆனால் 3 மி.மீ.

பீனிக்ஸ் அக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு புது டயர் வாங்க முடிந்தவருக்கு நான்கு வாங்க முடியாதா? நான் என் போலோ காருக்கே நான்கும் ஒன்றாகத்தான் மாற்றுகிறேன்.

கடற்கரைக்காரன்:
அக்கா, உங்கள் போலோ டயரும் என் 225/40 ஆர்18 டயரும் ஒரே விலையா? ஒய் என்று போட்டிருக்கும், 300 கி.மீ. வேகம் வரை தாங்கும் டயர். விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

பீனிக்ஸ் அக்கா:
300-க்கு டயர் வாங்கி 90-இல் சுற்றியிருக்கிறார். நல்லது.

ஸ்டேங்கர் பையன்:
எங்கள் பக்கம் கரும்பு லாரி போன ரோட்டில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சேறு, சக்கை, சாறு, எல்லாம் கலந்து தார் மேல் படிந்திருக்கும். அதன் மேல் முதல் தூறல் விழுந்தால் என் பக்கியே (பிக்கப் வண்டி) ஆடும், 169 கிலோவாட் எதற்கு? குளிர்காலம் முழுக்க மழை இல்லாமல் டீசலும் ரப்பர் தூளும் ரோட்டில் ஊறிக் கிடக்கும். முதல் அரை மணி நேரம்தான் ஆபத்து. அப்புறம் கழுவிவிடும். அன்றைக்கு என்ன மழை, தூறலா கொட்டலா?

கடற்கரைக்காரன்:
கொட்டல். ரோட்டில் தண்ணீர் நின்றது.

நாலுசக்கரம்:
அப்படியானால் இது முக்கியம். தண்ணீர் நிற்கிறபோது டயர் அதன் மேல் மிதக்கும் வேகத்துக்கு நாசாவின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, விமான டயர்களைச் சோதித்துக் கண்டது. காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.35-ஆல் பெருக்கினால் வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில் வரும். 2.2 பார், அதாவது 220 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 94. 1.6 பாருக்கு இறங்கினால் 80. டயரின் பள்ளத்தால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் இருக்கும்போது இது பொருந்தும். பள்ளம் ஆழமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆகவே முன்னால் புது டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது, பின்னால் பழையது மிதந்திருக்கிறது. டயர் கம்பெனிகளே இரண்டு மட்டும் மாற்றினால் புதுசைப் பின்னால் போடு என்றுதான் சொல்கிறார்கள், எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் முன்கூட்டியே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் போனால் பெரும்பாலானவர்களுக்கு நேரமே இருக்காது. பின் டயரில் காற்று எவ்வளவு இருந்தது?

கடற்கரைக்காரன்:
பார்த்தீர்களா! இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! டயர்! கை இல்லை!

பழைய கோல்ஃப்:
ஜோபர்க் தம்பி உன்னிடம் காற்றைக் கேட்டார், நீ கைதட்டுகிறாய்.

அவர் சொன்னது பாதி. மீதியை நான் சொல்கிறேன். பின் டயர் தேய்ந்திருந்தாலும் வண்டி தானாகச் சுற்றாது, யாராவது அதைச் சுற்றவைக்க வேண்டும். வளைவில் போகிறாய், முன்னால் தண்ணீர் தெரிகிறது, பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்கிறாய். எடை முழுக்க முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது, போயிற்று. 1984-இல் வந்த முதல் சிட்டி கோல்ஃபிலிருந்து இதே பாடம்தான். 13 அங்குல டயர், பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கியிருக்கிறேன், மழையில், ராத்திரியில், பின்சீட்டில் மாமியாரோடு. ஒரு தடவை கூடச் சுற்றவில்லை.

பீனிக்ஸ் அக்கா:
மாமியார் இருந்தால் யார்தான் வேகமாக ஓட்டுவார்கள்?

பழைய கோல்ஃப்:
அம்மா, வேடிக்கை இருக்கட்டும். அவனிடம் கேளுங்கள், காலை எடுத்தானா? வண்டி சுற்றாமல் தடுக்கிற இ.எஸ்.சி.யை ஸ்போர்ட்டில் வைத்திருந்தானா? அந்த வண்டியில் சும்மா சுற்றிவிட முடியாது, எலக்ட்ரானிக்ஸ் பிடித்து இழுக்கும்.

நாலுசக்கரம்:
இ.எஸ்.சி. பிடிப்பை உண்டாக்காது, இருக்கிற பிடிப்பைப் பங்குபோடும், அவ்வளவுதான். டயர் தண்ணீரில் மிதந்தால் எந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட்டும் பயனில்லை. உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு, அவைதான் தரையைத் தொடுகின்றன. அந்த நான்கும் தருகிற பிடிப்பில்தான் திரும்புவது, நிற்பது, இழுப்பது எல்லாம். திரும்புவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது.

மறுபடியும் கேட்கிறேன், காற்று எவ்வளவு? அப்புறம், டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்குமே, அது என்ன?

கடற்கரைக்காரன்:
1417. காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்டேங்கர் பையன்:
1417 என்றால் 2017-ஆம் ஆண்டு 14-ஆவது வாரம். அடப்பாவி! ரப்பர் கல்லாகியிருக்கும். என் பக்கி டயர் அதைவிட இளசு.

சிவப்பு325:
விட்டால் 1860-இல் நம் முன்னோர் வந்த ட்ரூரோ கப்பலில் வந்த டயர் என்பார்கள்.

கடற்கரைக்காரன்:
வயதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 3 மி.மீ. இருந்தது. சட்டப்படி சரி.

பழைய கோல்ஃப்:
சட்டத்தையும் முழுசாகப் படி. 1 மி.மீ. என்கிற அதே விதியில்தான், டயரில் தேய்மானக் குறி இருந்தால் பட்டன் அந்தக் குறிக்குச் சமமாகத் தேயக்கூடாது என்றும் இருக்கிறது. குறி இருப்பது 1.6 மி.மீ. உயரத்தில். உன் 1 மி.மீ. வாதம் அங்கேயே அவுட்.

கடற்கரைக்காரன்:
என்னுடையது 3. 1.6-ஐ விட 3 பெரிதா சிறிதா? கணக்கு தெரியுமா?

பழைய கோல்ஃப்:
கணக்கு தெரியும். உன் 3 எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

சிவப்பு325:
நாலுசக்கரம் சார் கோயம்புத்தூரிலிருந்து வந்து நமக்கு டயர் பாடம் எடுக்கிறார். நாங்கள் 1860-இலிருந்து இங்கே இருக்கிறோம், எங்கள் ரோடு எங்களுக்குத் தெரியும்.

நாலுசக்கரம்:
1860-இல் காற்றடைத்த டயரே ஓடவில்லையே ஐயா. டன்லப் செய்தது 1888-இல்.

ஸ்டேங்கர் பையன்:
அந்த டன்லப் பெயர் போட்ட டயரை இப்போது நம்ம லேடிஸ்மித்தில்தான் செய்கிறார்கள். சும்மா சொன்னேன்.

பழைய கோல்ஃப்:
ஜோபர்க் தம்பி, அவசரப்படாதீர்கள். ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்தார்.

நாலுசக்கரம்:
"ஓடவில்லை" என்றுதான் எழுதினேன், "கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய கோல்ஃப்:
தாம்சன் லண்டனில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியே காட்டினார். வித்தியாசம் இல்லை.

சிவப்பு325:
அப்படிப் போடுங்கள் அண்ணா.

நாலுசக்கரம்:
சிவப்பு325 ஒருமுறை ஈ30-ஐ ஜோபர்க்குக் கொண்டு வாருங்கள். 1,750 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு வலுவை வழியில் வான் ரீனன்ஸ் மலையிலேயே காணிக்கை போட்டுவிட்டு வரும். டர்போ உள்ள அந்தக் காய்கறி வண்டி உங்களைத் தாண்டிப் போகும்.

சிவப்பு325:
தாண்டிப் போய் புல்லில் நிற்கும்.

பீனிக்ஸ் அக்கா:
நைட்ரஜன் போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று என் தம்பி சொல்கிறான்.

நாலுசக்கரம்:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அக்கா. மேலே ஏறினால் காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் காட்டுவதும் மாறும். டர்பனில் 2.3 பார் வைத்துவிட்டு ஜோபர்க் வந்தால், டயர் சூடு அதேயானால், கிட்டத்தட்ட 2.5 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். கடற்கரைக்காரன் பதில் சொல்லவில்லை என்பதால் நானே கேட்கிறேன், நீங்கள் எங்கே, எப்போது, எந்தக் கேஜில் பார்த்தீர்கள்?

கடற்கரைக்காரன்:
தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு கேஜ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் 2.3.

பீனிக்ஸ் அக்கா:
தைப்பூசமா? ஜனவரி, பிப்ரவரியில் வருமே. சுற்றியது அக்டோபரில்!

பழைய கோல்ஃப்:
ஒரு நிமிடம். எந்தக் கேஜ்?

கடற்கரைக்காரன்:
ஏதோ ஒரு கேஜ்.

பழைய கோல்ஃப்:
பித்தளை முனை, கறுப்பு ரப்பர் குழாய், டயலில் சின்ன விரிசலா?

கடற்கரைக்காரன்:
இப்போது அது எதற்கு அண்ணா? டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கோல்ஃப்:
என் கேஜ்! காவடிக்குக் கோயில் போகிறேன், வண்டிக்குக் காற்றுப் பார்க்க வேண்டும், இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனவன் நீதான்! ஒன்பது மாதமாக நான் பெட்ரோல் பங்க் கேஜை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேஜையும் வைத்துக்கொண்டு காற்றும் பார்க்கவில்லை. நல்ல கேஜை அலமாரியில் வைத்துவிட்டு நாணயத்தால் பட்டன் அளக்கிறான்!

ஸ்டேங்கர் பையன்:
அண்ணா, காற்றுக் கேஜால் பட்டன் அளக்க முடியாது. அது வேறு கருவி.

பழைய கோல்ஃப்:
எனக்குத் தெரியாதா? பேச்சுக்குச் சொன்னேன்.

கடற்கரைக்காரன்:
நீங்களும்தான் என் ஜாக்கை இரண்டு வருடம் வைத்திருந்தீர்கள். நான் இங்கே எழுதினேனா?

பழைய கோல்ஃப்:
ஜாக் திரும்பி வந்ததா இல்லையா?

கடற்கரைக்காரன்:
கைப்பிடி இல்லாமல் வந்தது.

நாலுசக்கரம்:
ஒன்பது மாதம் காற்றே பார்க்காத டயர் மெதுவாக இறங்கி 1.8, 1.7-க்குப் போயிருக்கலாம். அப்படியானால் 90 என்பது மிதக்கும் வேகத்துக்கு மேலே. வயது, காற்று, பட்டன், பாதம், நான்கும் சேர்ந்த விஷயம் இது. முதலில் பிடிப்பு என்றால் என்னவென்று வரையறுத்திருந்தால்

சிவப்பு325:
சார், ஜாக் கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் வராதீர்கள்.

பழைய கோல்ஃப்:
சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வா. கேஜைக் கொண்டு வா. அந்தப் பழைய டயர் இரண்டையும் கொண்டு வா. என்னிடம் பட்டன் அளக்கிற கருவி இருக்கிறது, உள்விளிம்பில் வைத்து எல்லோர் முன்னாலும் படம் எடுத்துப் போடுகிறேன்.

கடற்கரைக்காரன்:
டயரைக் கடையிலேயே விட்டுவிட்டேன். சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

பழைய கோல்ஃப்:
ஆக அளக்க டயரும் இல்லை.

கடற்கரைக்காரன்:
3 மி.மீ. இருந்தது.

பீனிக்ஸ் அக்கா:
அந்த நாணயமாவது இருக்கிறதா?