தரங்கம்பாடிக் கல்லறையில் ஒரு முழம் மல்லிகை

கும்பகோணம் உறுப்பினர்:
ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706-இல் கரையேறிய ஜூலை 9 அன்று தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டு, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்வதாக எங்கள் தெருவினர் வேன் பிடித்திருந்தோம். அங்குள்ள புது எருசலேம் ஆலயத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பீடத்தருகே ஐயரின் கல்லறை முன் நின்றபோது, எங்களில் மூத்தவரான கத்தோலிக்கப் பாட்டி, மாதாவுக்கென்று வாங்கி வந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தைக் கிள்ளி அங்கே வைத்தார். பயணத்தை நடத்தியவர் உடனே குனிந்து அதை எடுத்து, "இது இங்கே வழக்கமில்லை, பாட்டி" என்று அவர் கையிலேயே திணித்தார். ஈர வாழைநார் பாட்டியின் விரல்களில் சுற்றிக்கொண்டதும், இரண்டு மொட்டுகள் தரையில் உருண்டதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வேனில் அவர் என்னிடம், "பூ வைக்கக் கூடாதுன்னு அந்த ஐயரே சொல்லிட்டுப் போனாராம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொறையாறு உறுப்பினர்:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நடத்தியவரை மட்டும் குறை சொல்வது சரியாகாது. இறந்தவரை வணங்குவது போன்ற தோற்றம்கூட வந்துவிடக் கூடாது என்று சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்ட லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அதே ஆலயத்துக்கு என்னை முதன்முதலில் அழைத்துச் சென்ற அப்பா, கல்லறையருகே ஒரு நிமிடம்கூட நிற்கவிடாமல் நேரே கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே என் சுட்டுவிரலைப் பிடித்து ஈர மணலில் 'அ' எழுத வைத்து, "ஐயர் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார்" என்றார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவருக்கு அதுவே தகுந்த மரியாதை என்பது அப்பாவின் எண்ணம்.

தஞ்சாவூர் உறுப்பினர்:
பொறையாற்றுத் தம்பி, மரியாதை வேறு, வணக்கம் வேறு. எங்கள் தஞ்சாவூர்ச் சிவகங்கைத் தோட்டத்தில் 1779-இல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயத்துக்குச் சென்று பாருங்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையைச் சரபோஜி மன்னர் பற்றியிருப்பதாக ஆங்கிலேயச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. கிறிஸ்தவராக மாறாத மன்னர் தம் ஆசானுக்காக அதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். பளிங்குக்கு இடமுண்டு, ஒரு முழப் பூவுக்கு இடமில்லை என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் அந்தச் சிற்பத்தின் முன் என் தோழி அழுதாள். அவளுடைய தாத்தா இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் அவளைக் கேலி செய்தேன்.

மன்னார்குடி உறுப்பினர்:
தரங்கம்பாடிக் கடற்கரை வெயிலில் என் மாமியார் மயங்கி விழுந்ததைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் பூண்டி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். பூண்டி மாதா பேராலயம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மேற்கே இருக்கிறது. மற்ற இரண்டும் கடலோரம். பூண்டிக்கும், வீரமாமுனிவரின் நினைவு நிற்கும் ஏலாக்குறிச்சிக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் தங்க இடம் கிடைப்பது அரிது. பாதயாத்திரைக் கூட்டத்தால் வண்டியும் நகராது. மோரும் துண்டும் கையில் இருக்கட்டும். முக்கியமாக, எந்தச் சபையின் ஆலயத்தில் எது வழக்கம் என்பதை, இறங்குவதற்கு முன் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் ஒருவர் கையைத் தட்டிவிட வேண்டிய நிலை வராது.

கும்பகோணம் உறுப்பினர்:
மன்னார்குடி அக்கா, யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாட்டி கேட்டிருப்பார். பொறையாற்றுத் தம்பிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று மாலை வேளாங்கண்ணியில் மீதிச் சரத்தை மாதாவுக்குச் செலுத்திய பாட்டி, திருப்பித் தரப்பட்ட அந்த ஒரு முழத்தை மட்டும் கொடுக்கவில்லை. "அது அவருக்குன்னு வச்சது" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். கும்பகோணத்தில் இறங்கும்போதும் அந்த முடிச்சு அவிழவில்லை.