மக்ரிம்மன் என்ற குடும்பப்பெயர்: யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தின் பேக்பைப் (காற்றுப்பை வைத்த ஊதுகருவி) இசைப் பரம்பரைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மக்ரிம்மன் என்ற கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) குடும்பப்பெயரில் வந்து மாட்டிக்கொண்டேன். கேலிக் எழுத்தில் மக் க்ருய்மேன். 'மக்' என்றால் மகன், அதில் சிக்கல் இல்லை. அந்த க்ருய்மேன் யார்?

ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் மக்லௌட் குலத் தலைவர்களுக்குப் பரம்பரையாக பைப் வாசித்தவர்கள் இவர்கள். பக்கத்தில் போரெரெய்க்கில் வைத்து மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சுரங்களை அசைகளாக வாயால் பாடியே பாடம் நடக்குமாம். 1746-இல் மோய் என்ற இடத்தில் நடந்த சிறு மோதலில் இறந்த டொனால்ட் பான் இந்தக் குடும்பத்தவர்தான்.

பெயருக்கு இரண்டு விளக்கம் கிடைத்தது. இத்தாலியின் கிரெமோனா நகரிலிருந்து வந்த ஒருவரின் வம்சம் என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ஹ்ரோத்முந்தர் என்ற ஆள்பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ஸ்கை பல காலம் நார்ஸ்காரர்கள் கையில் இருந்ததால் இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள், கேலிக் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஹ்ரோத்முந்தர் க்ருய்மேன் ஆவது ஒலி மாற்ற விதிப்படி சாத்தியமா? அப்புறம், கனடாவின் ஒண்டாரியோவில், க்ளென்கரி பகுதியிலும் மக்ரிம்மன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தேவாலயப் பதிவேடுகளில் இந்தப் பெயரின் பழைய எழுத்து வடிவங்களைப் பார்த்தவர்கள் இருந்தால், படம் அனுப்பினாலே போதும்.