1835 வில்லியம் மன்னர் ஒரு ரூபாய்: ப்ரூஃப் நாணயமா, மெருகேற்றிய புழக்கக் காசா?

கேள்வி

வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட, நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்த 1835-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் வெள்ளி நாணயம் எங்கள் பெரியப்பாவின் சேமிப்பிலிருந்து எனக்கு வந்துள்ளது. எடை 11.63 கிராம். மன்னரின் தலையைச் சுற்றியுள்ள வெற்றுப்பரப்பு முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. பின்புறத்தில் இலை வளையத்துக்குள் உள்ள பாரசீக எழுத்துகளும் தேயாமல் இருக்கின்றன. ஒரு நாணய வியாபாரி இதை ப்ரூஃப், அதாவது புழக்கத்துக்கன்றித் தனிக் கவனத்துடன் அடித்த நாணயம், என்கிறார். மற்றொருவர் துலக்கி மெருகேற்றிய சாதாரணக் காசு என்கிறார். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கையில் இருப்பது இன்னதென்று சரியாகக் குறித்து வைக்க விரும்புகிறேன். எதைக் கொண்டு முடிவு செய்வது?

பதில் 1

ஐயா, பளபளப்பை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத் துலக்குவது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் கைகளுக்குப் பழைய ரூபாய்களும் தப்பியதில்லை. எடையும் இதைத் தீர்மானிக்காது. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உங்கள் காசு அதிகம் புழங்கவில்லை என்பதை மட்டுமே 11.63 சொல்கிறது. வெள்ளித் தரத்தில் ஐயம் இருந்தால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1.13 கிராம் குறைய வேண்டும்.

ப்ரூஃப் என்பது அடிக்கும் முறையைக் குறிக்கும் பெயர். மெருகேற்றிய வில்லையை, அதாவது உருவம் பதியாத வெற்று உலோகத் தட்டை, மெருகேற்றிய அச்சுகளுக்கு இடையே வைத்து, நிதானமாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். அதனால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் சென்று நிரம்புகிறது. விளிம்பின் மேற்புறம் தட்டையாகவும் அதன் ஓரம் செங்கோணமாகவும் நிற்கும். விளிம்பு வெற்றுப்பரப்பைச் சந்திக்கும் இடம் கூர்மையாக இருக்கும். எழுத்துகளின் பக்கங்கள் செங்குத்தாக எழும். பிற்காலத்தில் எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தக் கூர்மையை உண்டாக்க முடியாது. தேய்ப்பது அதை மழுக்கவே செய்யும்.

இனி பத்து மடங்கு லென்ஸை எடுத்து வெற்றுப்பரப்பில் உள்ள மெல்லிய கோடுகளைப் பாருங்கள். நான் மிகவும் நம்பும் சோதனை இதுதான். அச்சை மெருகேற்றியபோது விழுந்த கீறல்கள் காசில் மேடாகப் பதியும். எழுத்தின் அடியில் வந்து நின்றுவிடும், எழுத்தின் மேல் ஏறாது. காசைத் துணியால் தேய்த்த கீறல்கள் பள்ளமாக இருக்கும். எழுத்தின் மேலும் மன்னரின் கன்னத்தின் மேலும் ஒரே போக்கில் ஏறிச் செல்லும். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றியும் பாருங்கள். புழங்கித் தேயாத, துலக்காத சாதாரணக் காசில் ஒளி சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுற்றி வரும். ப்ரூஃபில் அப்படி வராது, கண்ணாடிப் பரப்பு மொத்தமாக இருண்டு மொத்தமாக ஒளிரும்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: ப்ரூஃப் என்று உறுதியானாலும் கேள்வி முடிவதில்லை. 1835 என்ற ஆண்டு மாற்றப்படாமல் 1840 வரை இந்த ரூபாய்களில் பொறிக்கப்பட்டது. பிற்பாடு சேகரிப்பாளர்களுக்காகக் கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகள் பழைய ஆண்டுகளைத் தாங்கிய ப்ரூஃப் மறு அடிப்புகளைச் செய்து கொடுத்தன; அந்த வழக்கம் 1970-இல்தான் நின்றது. ஆகவே அக்காலத்து ப்ரூஃபும், பல பத்தாண்டுகள் கழிந்து அடித்த ப்ரூஃபும் ஒரே ஆண்டைத் தாங்கி நிற்கலாம். விலையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. கிடப்பில் இருந்த அச்சில் துரு பிடித்த குழிகள் காசில் சிறு சிறு புடைப்புகளாகத் தெரியும். ஒரு காலத்து முன்புற அச்சுடன் இன்னொரு காலத்துப் பின்புற அச்சைச் சேர்த்து அடித்தவையும் உண்டு. அச்சின் வகையை அறிய, மன்னரின் கழுத்து வெட்டில், அதாவது தலையுருவம் கழுத்தோடு முடியும் அடிப்பகுதியில், ‘எஃப்’ (F) என்ற எழுத்து உள்ளதா, ‘ஆர்எஸ்’ (RS) உள்ளதா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் காசு ப்ரூஃபாக இல்லாமல் சாதாரணப் புழக்க ரூபாயாக இருந்தால் அரிய வகை அன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. லென்ஸில் பார்த்தேன். பின்புறத்தில் கோடுகள் மேடாக உள்ளன; எழுத்துகளின் அடியில் நின்றுவிடுகின்றன. முன்புறத்திலோ கன்னத்தையும் மன்னர் பெயரின் எழுத்துகளையும் கடந்து செல்கின்றன. விளிம்பின் உள் ஓரம் சற்று உருண்டையாகவே தெரிகிறது. கழுத்து வெட்டில் ‘எஃப்’ இருக்கிறது. மன்னரின் தலைக்கு நேர் மேலே, விளிம்பின் பக்கவாட்டில், ஒரு நெல் நீளத்துக்கு வரிப்பள்ளங்கள் அடைபட்டுள்ளன.

பதில் 1

அடைபட்ட அந்த இடம் பற்றாசாக, அதாவது உலோகத்தை ஒட்டவைக்க உருக்கி வைத்த கலவையாக, இருக்க வேண்டும். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்து, பிறகு அதை எடுத்துவிட்டு முன்புறத்தைத் தேய்த்திருக்கிறார்கள். பின்புறக் கோடுகள் அச்சு மெருகேற்றப்பட்டதைக் காட்டுகின்றன. ஆனால் புழக்கத்துக்கு அடிக்கும் அச்சையும் அவ்வப்போது மெருகேற்றுவது வழக்கமாதலால், அதை மட்டும் கொண்டு ப்ரூஃப் என்று சொல்ல இயலாது. விளிம்பு உருண்டிருப்பதே எனக்குத் தீர்ப்பு. மெருகேற்றிய அச்சில் அடித்த புழக்க ரூபாய், முன்புறம் துலக்கப்பட்டது, நகையிலிருந்து கழற்றப்பட்டது என்று குறித்து வையுங்கள். விளிம்பைப் பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் ஒன்றை இங்கே இட்டால் உறுதி செய்கிறேன்.

பதில் 3

தரச் சான்றுக்காக இதை அமெரிக்காவுக்கு அனுப்பும்படி யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. தனியார் அவற்றைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றமாகும். இனி எதைக் கொண்டும் துலக்காதீர்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறையையும் தவிருங்கள், அது நாளடைவில் வெள்ளியில் பச்சைப் பிசுக்கைப் படியவைக்கும்.