வாட்ஸ்அப்பில் வாங்கிய எடைக்குறைப்பு ஊசி: போடலாமா?

சாட்ஸ்வர்த் மருமகள்:
வணக்கம். நாத்தனார் மகள் கல்யாணம் வருகிறது. அதற்குள் எட்டு கிலோவாவது குறைத்துவிட வேண்டும் என்று, டர்பனில் ஓர் அழகு நிலையத்தில் 1,400 ரேண்ட் கொடுத்து செமாக்ளூடைட் என்ற எடைக்குறைப்பு மருந்தை வாங்கிவிட்டேன். டாக்டர் யாரும் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் உயரமும் எடையும் கேட்டார்கள், அவ்வளவுதான். வந்தது கம்பெனி விற்கும் ஊசிப் பேனா இல்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியும் நாலு இன்சுலின் ஊசியும். லேபிளில் ‘செமா + பி12, வாரம் 10 யூனிட்’. பேட்ச் எண் இல்லை, எந்தப் பார்மசி என்றும் இல்லை. கூட வைத்த ஐஸ் உருகி, குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று நாளாக ஃப்ரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. கம்பெனி செமாக்ளூடைட் ஊசியான ஓசெம்பிக்கும் இதுவும் ஒன்றுதானாம். போடலாமா?

பீனிக்ஸ் பார்மசித் தம்பி:
அக்கா, போடாதீர்கள். என்னை உறுத்துவது அந்த ‘10 யூனிட்’. யூனிட் என்பது ஊசியில் இருக்கும் கோட்டுக் கணக்கு, 100 யூனிட் என்றால் 1 மில்லி. மருந்து எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம் கலந்திருந்தால் 10 யூனிட்டில் 0.25 மில்லிகிராம், வழக்கமாகத் தொடங்கும் அளவு அதுதான். 5 மில்லிகிராம் கலந்திருந்தால் அதே 10 யூனிட் இரண்டு மடங்காகிவிடும். உங்கள் லேபிளில் அந்த எண்ணே இல்லையே! அமெரிக்காவில் இப்படிக் குப்பியிலிருந்து தாங்களே எடுத்து, 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று 2024இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. சிலர் ஆஸ்பத்திரி வரை போனார்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் பார்மசியிலேயே மருந்து கலந்து கொடுப்பதே தப்பு என்றில்லை. 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 14(4) பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காக 30 நாளுக்கு மேற்படாத அளவில் பார்மசிஸ்ட் கலந்து தரலாம். ஆனால் செமாக்ளூடைட் ஷெட்யூல் 4 மருந்து, டாக்டர் சீட்டு கட்டாயம். பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. இப்படிக் கலந்ததை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா பரிசோதித்துப் பதிவு செய்வதும் இல்லை. எந்தப் பார்மசி, மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று அவர்களையே கேளுங்கள். குப்பியைக் குப்பையில் வீசாமல் பக்கத்துப் பார்மசியில் கொடுங்கள்.

ஜோபர்க் அண்ணன்:
தம்பி சொல்வது சரி. அமெரிக்காவிலும் தட்டுப்பாட்டைக் காட்டித்தான் பெரிய அளவில் கலந்து விற்றார்கள். 2025 பிப்ரவரியில் செமாக்ளூடைட் தட்டுப்பாடு தீர்ந்தது என்று எஃப்டிஏ அறிவித்ததும் அந்தச் சாக்கு போயிற்று. இங்கே அதே ஆண்டு ஆகஸ்டில், எடைக்குறைப்புக்கென்றே உள்ள கம்பெனி செமாக்ளூடைட் ஊசியான வெகோவியே வந்துவிட்டது. விலைதான் கையைக் கடிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
தம்பி சொன்ன இரண்டையும் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் என்னை பிளாக் செய்திருக்கிறார்கள். இதற்கிடையில் வீட்டுக்காரர் மோர் எடுக்கப் போய்க் குப்பியைப் பார்த்துவிட்டார். 1,400 ரேண்டை மட்டும் இன்னும் சொல்லவில்லை.