கிறிலில் புகை போட்ட இறால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தார் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாவிக்கரை (கல்லடி)

இறாலைப் பொரிப்பதும் குழம்பு வைப்பதும் இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் கேட்பது கிறிலை மூடிப் புகையில் வேகவைக்கிற இறாலைப் பற்றி. கனடாவிலிருந்து மச்சான் வந்து நின்ற நேரம். பின்வளவில் பாதி வெட்டிய ட்ரம், கரி ஒரு பக்கம், இறால் மறுபக்கம். இறாலுக்கு நேரே கீழே நெருப்பு இருக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கிருந்து கொண்டுவந்த வெப்பமானியை மூடியில் குத்தி வைத்துக்கொண்டு 225 ஃபாரன்ஹீட், 225 ஃபாரன்ஹீட் என்று ஒரே ஜெபம். நம் கணக்கில் 107 செல்சியஸ். புகைக்குக் கொய்யாக் கொப்பைத் துண்டு போட்டு வைத்திருந்தார். கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அந்தத் தேங்காய்ப் பொச்சையும் போடு மனே, சும்மாதானே கிடக்கு" என்றா. அவர் வேண்டாம் என்று சொல்லி முடிக்கவில்லை, அம்மா எழும்பி வந்து போட்டுவிட்டா.

மூடியைத் திறந்தால், ஓடெல்லாம் செம்மஞ்சள். தலைக்குள் இருக்கிற கொழுப்பு சின்னச் சின்னதாகக் குமிழி விட்டு, கால் இடுக்கு வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. சூட்டோடு ஒரு தலையைப் பிய்த்து உறிஞ்சினேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மச்சான் போய்விட்டார். அதே ட்ரம், அதே கொய்யா, அதே பொச்சு. இப்போதும் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் அது வரவில்லை. அன்றைக்கு என்னதான் நடந்தது? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

உம்மாட மகன் (காத்தான்குடி)

விறகிலும் இல்லை, வெப்பமானியிலும் இல்லை. இறாலில்தான் விஷயம். எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுதான் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து வளர்ந்து, பெருத்ததும் திரும்பக் கடலுக்குப் போகப் பார்க்கும். மாரி மழைக்கு முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரத்தில் வலையில் விழுகிற இறால் வேறு சாதி ருசி. கடையில் ஐஸ் போட்டு வைத்த இறாலோடு அதைச் சேர்க்கவே கூடாது.

அப்படி ஒரு விடியலில் காக்கா, அதாவது எங்கள் அண்ணன், ஒரு வாளி கொண்டுவந்தார். பாதி உயிரோடு இருந்தது. இறால் செத்த பிறகு வை என்று உம்மா சொன்னா, காக்கா கேட்கவில்லை. கம்பி வலையில் வைத்ததுதான் தாமதம், ஒன்று துள்ளி மணலில் விழுந்தது. உம்மா அதை எடுத்துக் கழுவினா. திரும்பக் கிறிலில் வைப்பா என்று பார்த்தால், வாளிக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. அன்றைக்கு இறாலே தொடவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. கிறில் மூட்டுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. இப்போது ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, அசைவு நின்ற பிறகுதான் வைக்கிறேன்.

பட்டறைச் சத்தம் (மட்டக்களப்பு)

ட்ரம், ட்ரம் என்கிறீர்கள். எதன் ட்ரம் என்று ஒருவராவது கேட்டீர்களா?

எங்கள் ட்ரம்மை வெட்டித் தந்தது டச்பாரில் இருந்த ஒரு பறங்கி அங்கிள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர். இரும்பு வேலை, மர வேலை இரண்டிலும் பறங்கியர் கை எப்படி என்று மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் எடுக்கப் போன அன்று தரமாட்டேன் என்றுவிட்டார். உள்ளே விறகை அடுக்கி, பெயின்ற் கொப்புளித்து உரிந்து விழும்வரை எரித்தார். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடியும் எரித்தார். "முதல் நெருப்பு ட்ரம்முக்கு, பிறகுதான் இறாலுக்கு" என்றார். முதல் தடவை மூட்டியபோது எழும்பிய அந்தப் பச்சை கலந்த புகையை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். அதில் முன்னர் என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, சொல்ல வந்துவிட்டேன், முழுதாகச் சொல்கிறேன். இரசாயனம், பூச்சிமருந்து வந்த ட்ரம் எத்தனை எரி எரித்தாலும் வேண்டாம். சாப்பாட்டு எண்ணெய் வந்த ட்ரம்தான் சரி. இறால் வைக்கிற வலை கல்வனைஸ் கம்பியாக இருந்தால் கழற்றி எறியுங்கள், கூடின சூட்டில் அதன் பூச்சு கழன்று புகையாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ வார்ப்பிரும்போ போடுங்கள். விறகு என்றால் பெயின்ற் அடித்த பலகை, பழைய கட்டில் கால், மருந்து பூசிய மரம் எதுவும் கூடாது. வேம்பு கசக்கும். மரமுந்திரிகை மரத்துக் கொள்ளி பரவாயில்லை. ஆனால் கொட்டையின் கோதை மட்டும் நெருப்பில் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள எண்ணெய் கையில் பட்டாலே தோலைப் பொத்துவிக்கும், புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. கரைக்குப் போய்க் கண்டல் மரம் வெட்டி எரிக்கலாமே என்று ஒருவர் எனக்குச் சொன்னார். இலங்கையில் கண்டல் வெட்டுவது சட்டப்படி தடை. அந்தக் கண்டல் வேருக்குள்தான் காத்தான்குடித் தம்பி சொன்ன இறால் குஞ்சே ஒளிந்து வளர்கிறது. சிரட்டைக் கரி, கொய்யா, மாங்கொப்பு, புளியங்கொப்பு, இது காணும். எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.

பெரிய குக்கின் எடுபிடி (பொத்துவில்)

பட்டறை அண்ணனுக்கு ட்ரம்மைப் பற்றித் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். புகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதானே தலைப்பு.

அறுகம்பேயில் அலைச் சவாரிக் காலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கைவேலைக்கு நின்றேன். ஒரு வெள்ளைக்காரர் புகை போட்ட இறால் கேட்டார். பெரிய குக் நனைந்த பொச்சை அள்ளிக் கரியை மூடி, காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். கூரைக்கு மேலே பால்போல வெள்ளையாகப் புகை. எல்லோருக்கும் சந்தோசம், புகை என்றால் புகை! தட்டு மேசைக்குப் போனது. அந்த மனுசர் ஓர் இறாலைக் கடித்தார். ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, இறாலை ஒவ்வொன்றாகக் கழுவி, கழுவிச் சாப்பிட்டார். காசும் முழுதாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

வெள்ளையாகத் தடித்து வருகிற புகை காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிகிற புகை. அதில் உள்ள தார் இறாலில் படிந்து கசக்கும், நாக்கு மரத்துப்போகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் நீலமாக வருகிற மெல்லிய புகைதான் வேண்டியது. துவாரத்தைத் திறந்து வையுங்கள், ஒரு கைப்பிடி மரம் போதும். அடுத்தது, ஈர இறாலில் புகை ஒழுங்காகப் பிடிக்காது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி, காற்றில் கொஞ்சம் காயவிடுங்கள். தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். ஓடு இருக்கட்டும், சதை காயாது. நடுத்தர இறாலுக்கு 110, 120 செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம். உள்சூடு 63 செல்சியஸ் வந்தால் எடுத்துவிடலாம். உள்ளி, கொச்சிக்காய்த் தூள், தேசிக்காய் எல்லாம் எடுத்த பிறகு. தேசிக்காய்ப் புளியில் ஊறப் போட்டுவிட்டுக் கிறிலில் வைக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். புளியிலேயே சதை வெந்து இறுகிவிடும், பிறகு எதற்கு நெருப்பு?

கல்லடி அண்ணன், உங்கள் அம்மா போட்ட பொச்சு காய்ந்ததா, நனைந்ததா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வாவிக்கரை (கல்லடி)

காய்ந்தது. வெயிலில் கிடந்தது. அது உடனே பற்றிக்கொண்டதால் மச்சான் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தார், ஏசிக்கொண்டு.

பெரிய குக்கின் எடுபிடி (பொத்துவில்)

அப்போ காற்றுத்தான். பொச்சுக்கு நன்றி சொல்லாதீர்கள், திறந்த மூடிக்குச் சொல்லுங்கள்.

உம்மாட மகன் (காத்தான்குடி)

எந்த மாதம் என்று இன்னும் சொல்லவில்லை.

மழைக்காலம் (வாழைச்சேனை)

நீங்கள் ருசியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். தை மாத மழை, விருந்தாட்கள் வந்துவிட்டார்கள். நனையுது என்று தங்கச்சியின் மாப்பிள்ளை கிறிலைத் தூக்கிக்கொண்டு வந்து ஹோலில் வைத்தார். இறால் எல்லாம் எடுத்தாயிற்று, புகையும் இல்லை, கரி மட்டும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. குளிருக்கு நல்லது, கிடக்கட்டும் என்று கதவையும் சாத்திவிட்டார்கள். தங்கச்சி தட்டோடு வந்தவள் நடு ஹோலில் அப்படியே மெல்லக் குந்தினாள். தட்டு கையிலேயே இருந்தது, ஓர் இறாலும் கொட்டவில்லை. "தலை சுத்துது அண்ணா" என்று சாதாரணமாகச் சொன்னாள். களைப்பாக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறுகா பிள்ளைகளும் தலையிடி என்றபோதுதான் பெரியப்பா எழும்பி ஓடிப்போய்க் கதவுகளைத் திறந்தார். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள்.

புகை இருந்தால் கண் எரியும், ஓடிவிடுவோம். கரியிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி கனன்று சாம்பலாகும்வரை வெளியில்தான் இருக்க வேண்டும்.

கருவாட்டுக் குடும்பம் (கல்முனை)

2022 இல் காஸ் இல்லாமல் ஊரே விறகுக்குத் திரும்பிய நேரம் எங்கள் மாமி நிறைய இறாலைப் புகை போட்டு வைத்தா. மாசிக் கருவாடு கெட்டுப் போவதில்லைதானே, இதுவும் இருக்கும் என்று மண்சட்டியில் போட்டு மூடி, மேல்தட்டில் ஏற்றிவிட்டா. மாமா மட்டும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் கிணற்றடிக்குப் பின்னால் கிடங்கு வெட்டப் போனார். மாமி அவரோடு அன்றிரவு வரைக்கும் பேசவில்லை. இன்றைக்கும் இறால் என்றால் மாமாவைப் பார்த்து, "இருந்திருக்கும், நீங்கதான் கொட்டினீங்க" என்பா.

மாசி அவித்து, புகை போட்டு, பிறகு கல்லாகும்வரை வெயிலில் காயவைத்தது. கிறில் இறாலுக்குள் தண்ணீர் அப்படியே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள், அதற்குமேல் வேண்டாம். மிஞ்சினால் உரித்து, பிய்த்து, தேங்காய்ச் சம்பலில் போட்டுப் பிட்டோடு சாப்பிடுங்கள். சம்பல் இடிக்கிறபோது மாசி போடத் தேவையே வராது.

ஊறணிக்காரி (மட்டக்களப்பு)

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, எல்லோருக்கும் தெரியும். அவனுக்கென்று கோழி தனியாக வைத்திருந்தோம். ஓர் இறாலும் தொடவில்லை. காற்று அடிக்கிற பக்கம் நின்று பந்து விளையாடினான், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டது. ஆவியோடும் புகையோடும் இறாலின் புரதம் போகும் என்று மருத்துவர் சொன்னார். மூச்சு இழுக்கவில்லை, நல்ல காலம். இப்போது கிறில் மூட்டுவதற்கு முதல் அவன் தாயிடம் சொல்லி அனுப்புகிறேன். அவ எங்களோடு முன்னர் மாதிரி இல்லை.

புதியவள் (திருக்கோவில்)

எல்லாம் வாசித்தேன். ஓட்டோடு வை, ஓட்டோடு வை என்கிறீர்கள். முதுகில் ஓடுகிற கறுப்புக் குடலை ஒருவராவது எடுத்தீர்களா?

பெரிய குக்கின் எடுபிடி (பொத்துவில்)

சின்ன இறால் என்றால் நான் எடுப்பதில்லை.

கருவாட்டுக் குடும்பம் (கல்முனை)

அறுகம்பேயில் அந்த மனுசர் கழுவிச் சாப்பிட்டதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

தங்கச்சி, ஓட்டை உடைக்கத் தேவையில்லை. இறாலை வளைத்துப் பிடித்தால் முதுகில் வளையத்துக்கு வளையம் இடைவெளி தெரியும். தலையிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வளையத்துக்கு நடுவில் ஓர் ஈர்க்கைக் குறுக்கே குத்தி, குடலுக்குக் கீழால் விட்டு, மெல்லத் தூக்குங்கள். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் அடுத்த இடைவெளியில் மறுபடி குத்துங்கள், வால் பக்கம் மிஞ்சியது வந்துவிடும்.